சீப்பு சீப்பாக ஏலம் போன என் புத்தகம்

பாறசாலை,
அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஹவில்தார் யோவான், விறைப்பாக நின்று சல்யூட் அடித்து எழுதிக்கொள்வது. ஆண்டவரின் கிருபையால் இங்கே நானும், என் மனைவி கிருபாபாயும், கறவை மாடும், மோட்டார் சைக்கிளும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் குடும்பமும், தங்கள் அச்சு மெஷினும் ஒரு பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் தினமும் சேர்த்துக்கொள்கிறோம்.

தாங்கள் அறிவித்திருக்கும் படைவீரர் நூல்வரிசைக்குக் கைப்பிரதி வந்து சேர வேண்டிய கடைசித் தேதி வருகிற திங்கள்கிழமை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்கும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். எவ்வளவு தள்ளி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் தாங்கள் மேற்கொண்டு வாசிக்க மாட்டீர்கள்.

தங்கள் அறிவிப்பு எங்கள் முன்னாள் ராணுவத்தார் வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 'முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தங்கள் வாழ்வை எழுதி அனுப்பலாம், தேர்ந்தெடுத்து நூலாக வெளியிடுவோம், கையெழுத்திலும் அனுப்பலாம்' என்று போட்டிருந்ததே, அதை நின்று கொண்டு ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை, நெத்தோலி ஆய்ந்துகொண்டிருந்த கிருபாபாய்க்குச் சத்தமாக ஒரு தடவை வாசித்தேன். இத்தனை வருஷமாக நான் பேச ஆரம்பித்தாலே, "லே மலைக்குப் போன கதைதானே" என்று எழுந்து போகிறவர்கள் எல்லோரும் இனி என் கதையைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்க வேண்டும் அல்லவா, அந்தச் சந்தோஷத்தில் நான்காவது தடவையும் வாசித்தேன். கிருபாபாய் மீனிலிருந்து தலை எடுக்காமல், குடும்பத்தாரும் என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாமா என்று கேட்டாள். அதெல்லாம் சும்மா மரியாதைக்குப் போடுவது, கல்யாணக் கார்டில் சுற்றமும் நட்பும் சூழ என்று போடுகிறார்களே அதுமாதிரி என்று விளக்கினேன். அவளும் ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். நூலை மூன்று பாகமாகப் பிரித்தேன். முதல் பாகம் பட்டாளத்தில் சேர்ந்தது, இரண்டாம் பாகம் மலைப்பாதையில் ஓட்டியது, மூன்றாம் பாகம் இறங்கி வீடு வந்தது. இருபத்துநாலு வருஷ சர்வீஸ் ஐயா, ஒரு தடவைகூட வண்டி கவிழவில்லை, அதை எழுதினால் தாள் தாங்குமா. தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நான் இந்தப் பக்கம் எழுதுவேன், கிருபாபாய் அந்தப் பக்கம் உட்கார்ந்து கைபேசியில் கட்டைவிரலால் ஏதோ தட்டிக்கொண்டே இருப்பாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் குழுவில் ஜெபக் குறிப்புகள் போடுகிறாள் என்று விட்டுவிட்டேன். அந்த டிக் டிக் சத்தம் மட்டும் பொறுக்க முடியவில்லை, கியர்பாக்ஸ் பற்றி எழுதுகிறேன் கொஞ்சம் அடங்கு என்று ஒருநாள் சொன்னேன், மறுநாள் முதல் சத்தத்தை அணைத்துவிட்டுத் தட்டினாள். நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். எங்கள் ஜங்ஷனில் உள்ள ஒரே போட்டோஸ்டாட் கடை ஜெயதாஸின் தம்பி மகனுடையது. ஜெயதாஸ் என்பவர் கப்பற்படையில் இருந்தவர், எனக்கு அடுத்த வீடு, தாங்கள் வெளியிட்ட அறிவிப்புக்கு அவரும் எழுதுவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு முதல் வரியைத் தாண்டாமல் கிடக்கிறார். அங்கே போய் என் புத்தகத்தைக் கொடுப்பதும் எதிரி கையில் வரைபடத்தைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

எழுதி முடித்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. போதகர் வந்திருந்தார், சபையார் வந்திருந்தார்கள், ஜெயதாஸும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நூல் எழுதிய செய்தியை அவர் காதில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் நான் ஜெபத்திலேயே போட்டுவிட்டேன். ஆண்டவரே, நான் எழுதியிருக்கும் முதல் நூலை உமக்கே முதற்பலனாகப் படைக்கிறேன் என்று உரக்கச் சொன்னேன். சபையார் எல்லோரும் ஆமென் சொன்னார்கள், ஜெயதாஸும் வேறு வழியில்லாமல் சொன்னார். நான் நினைத்தது தாங்கள் அச்சடித்து அனுப்பப்போகும் முதல் பிரதியை. ஆனால் ஜெபத்தில் அந்த விவரமெல்லாம் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து அறுப்பின் பண்டிகை தங்களுக்குத் தெரிந்திருக்காது. முதல் காய்த்த தேங்காய், முதல் வெட்டிய வாழைக்குலை, முதல் முட்டையிட்ட கோழி, எதுவானாலும் முதலாவது ஆலயத்துக்கு. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து மைக்கில் ஏலம் விடுவார்கள். பெரிய குலையானால் ஒரே ஆளால் எடுக்க முடியாது என்று சீப்பு சீப்பாக வெட்டி விடுவதும் வழக்கம். எனக்குப் பண்டிகையன்று உள்ளே வேலை இல்லை. பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் வருஷா வருஷம் விசிலைக் கழுத்தில் மாட்டி ரோட்டில் நிறுத்திவிடுவார்கள், வண்டிகளை நான்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். இந்த வருஷமும் அப்படித்தான், நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த பஸ் ஒன்றையும் எதிரே களியக்காவிளையிலிருந்து வந்த டிப்பர் ஒன்றையும் இரண்டு கையையும் நீட்டி மறித்து நின்றுகொண்டிருக்கிறேன், ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்கிறது. 'பனி விழுந்து கிடந்த அந்த மலைப்பாதையில் என் வண்டியின் பிரேக்கும் நானும் ஒருவரையொருவர் நம்பி இருந்தோம்.' ஆகா, என்ன தமிழ், யார் எழுதியது என்று ஒரு நிமிஷம் மெய்மறந்து நின்றேன். அப்புறம்தான் எழுதியது நானே என்று உறைத்தது. ஏலம் விடும் வினீத் என் கைப்பிரதியைப் பிரித்து வாசித்துக்கொண்டிருக்கிறான்.

ஓடலாம் என்றால் பஸ் டிரைவர் ஹாரனில் கை வைத்துவிட்டார், டிப்பர்காரன் இறங்கியே வந்துவிட்டான், இருபத்துநாலு வருஷ ஒழுங்கு என்னை அங்கேயே கட்டிப்போட்டது. நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். முதலில் ஜெயதாஸ் விலை கேட்கிறார், அவரை மிஞ்சி ஒரு பெண்குரல் கேட்கிறது, மூன்றாவது ஒரு குரல் மலையாளத்தில் கேட்கிறது. எனக்கு அழுகையும் வருகிறது, விலை ஏற ஏற உள்ளுக்குள்ளே ஒரு குளிர்ச்சியும் வருகிறது, மறைத்து என்ன ஐயா, கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. இத்தனை பேர் கேட்கிறார்களே என்று வினீத் வாழைக்குலைக்குச் செய்வதைப் புத்தகத்துக்கும் செய்துவிட்டான். தாள்களைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து மூன்று பாகத்தையும் மூன்று சீப்பாக்கி, ஒரு தரம், ரெண்டு தரம் என்று தனித்தனியாக விட்டுவிட்டான். வண்டிகளை ஒதுக்கிவிட்டு நான் முற்றத்துக்குள் ஓடும்போது கடைசிக் கோழி ஏலம் போய்க்கொண்டிருந்தது. கிருபாபாய் நிழலில் நின்று பானகம் குடித்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீங்கதானே ஜெபத்துல சொன்னிய. சபைக்க முன்ன சொன்ன வாக்காக்கும். வெள்ளைத் துவர்த்துல பொதிஞ்சு நான்தான் கொண்டு வச்சேன்" என்றாள்.

மறுநாளே வேட்டையைத் தொடங்கினேன். முதல் பாகத்தை எடுத்தவர் செங்கல் என்ற ஊரின் கோயிலுக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணன்குட்டி. வருஷாவருஷம் கடைக்கு வாழைக்குலை எடுக்க வருபவர், குலையோடு என்னையும் எடுத்துவிட்டார். அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதனால் என் பக்கங்களை லாமினேஷன் போட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டார், தமிழ் தெரிந்தவர்கள் டீ குடித்துக்கொண்டே சத்தமாக வாசிக்க, தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பருப்புவடையைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் எழுந்து நின்றார். கிருஷ்ணன்குட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாரே, பாக்கி எவிடே?"

மிச்சம் எங்கே என்று என் வாழ்க்கையில் எவனும் என்னைக் கேட்டதில்லை ஐயா. அந்த உற்சாகத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டே முதல் பாகம் முழுவதையும் திரும்ப எழுதிவிட்டேன், டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டாம் பாகம் ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் சாராம்மாவிடம். எங்கள் சபையில் பிறந்தவள், கிருபாபாயோடு படித்தவள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துத் தந்து, தின்னுங்கள் அப்புறம் எழுதலாம் என்றாள். பால் வெட்டுகிறவர்களுக்கெல்லாம் அவள் வாசித்துக் காட்டியிருக்கிறாள், பனியில் நான் பட்டினி கிடந்த இடத்தில் எல்லோரும் அழுதார்களாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல எனக்க கிருபாபாய் எங்க?"

ஏன் இல்லை, இருக்கிறாளே என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். 'அவ்வருடம் விடுப்பில் வந்து மணம் முடித்துத் திரும்பினேன். திரும்பிய அன்று வண்டியின் கியர்பாக்ஸ் பழுதாகியிருந்தது.' சாராம்மா அதை வாசித்தாள், பிறகு கியர்பாக்ஸ் எத்தனை பக்கம் போகிறது என்று புரட்டிப் பார்த்தாள். மூன்று பக்கம் போகிறது. அது சாதாரண கியர்பாக்ஸ் இல்லை என்று நான் விளக்கினேன். அவள் மீன்கறிச் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மூன்றாம் பாகம்தான் முட்டுக்கட்டை. அது ஜெயதாஸிடம். அதில் நான் ஓர் இடத்தில், கப்பற்படையினர் உட்கார்ந்தே ஊர் சுற்றுபவர்கள், அவர்களுக்குச் சேவையின் கஷ்டம் தெரியாது என்று எழுதித் தொலைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் அவர் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார். பணம் தருகிறேன் என்றேன், பார்த்து எழுதிவிட்டுத் தருகிறேன் என்றேன், கைபேசியில் படமாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கதவில் கையூன்றி நின்றுகொண்டு சொன்னார்:

"எலே யோவானே, இது ஆண்டவருக்க ஏலத்துல எடுத்த பொருளாக்கும். விக்கவும் கூடாது, வெளிய காட்டவும் கூடாது. வாற வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு நானே கொண்டு வைப்பேன். வேணும்னா அப்ப கேட்டு எடு."

போதகரிடம் முறையிட்டேன். ஏலத்தில் எடுத்ததைத் திரும்பப் படைப்பது நல்ல வழக்கம்தான் என்று அவரும் சொல்லிவிட்டார். ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன், ஜெயதாஸ் முகம்தான் வருகிறது, தமிழ் வரவில்லை. ஆகவே ஐயா, தாங்கள் பெரிய மனது வைத்துக் கடைசித் தேதியை அடுத்த வருஷத்து அறுப்பின் பண்டிகை வரைக்கும் தள்ளிவைக்க வேண்டும். படைவீரன் ஒருவனுக்காக ஒரு வருஷம் பொறுப்பது தங்களுக்குப் பெரிய காரியமில்லை. இன்னொரு சந்தேகம். வேறு எங்கும் வெளியாகாத படைப்பாக இருக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறீர்கள். ஒலிபெருக்கியில் வாசித்தது வெளியீட்டில் சேருமா. எங்கள் ஒலிபெருக்கி ஜங்ஷனைத் தாண்டிக் கேட்காது, ஒரு குழாய் மூன்று வருஷமாகப் பழுது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் எழுதுகோலையும், பொறுமையையும், மேசைமேல் வந்து சேரும் இந்தக் கடிதத்தையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக. தங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றதும் கிருபாபாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, நானும் விசாரித்தேன் என்று மறக்காமல் எழுதுங்கள் என்றாள். தாங்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது, அவள் யாரென்று தங்களுக்குத் தெரியாது, ஆனாலும் ஆசைப்பட்டுச் சொன்னதால் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஹவில்தார் யோவான் (ஓய்வு).

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் தயவுசெய்து ரத்து செய்துவிடவும். உறையை ஒட்டப் பசை தேடியபோது கிருபாபாயின் கைபேசி மினுங்கியது, அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்ததால் நான் எடுத்துப் பார்த்தேன். 'அன்புள்ள கிருபாபாய் அம்மாவுக்கு, தங்கள் நூலை எங்கள் வரிசையின் முதல் நூலாக வெளியிடுவதில் மகிழ்ச்சி' என்று தங்கள் பெயரைப் போட்டு வந்திருக்கிறது. கைபேசியோடு தொழுவத்துக்கு ஓடினேன். இதை எப்போது எழுதினாய் என்று கேட்டேன், நீங்கள் கியர்பாக்ஸ் எழுதிய நேரத்திலாக்கும் என்றாள். அதில் நான் எங்கே வருகிறேன் என்று கேட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு வரி உண்டு என்று தேடி எடுத்துக் காட்டினாள். 'அவ்வருடம் அவர் விடுப்பில் வந்து கூரையில் ஓடு மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பினார்.' அதற்குப் பிறகு அந்த ஓடு ஒழுகியது மூன்று பக்கம் போகிறது. அங்கேயே வைக்கோல்மேல் உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தையும் வாசித்தேன். பாத்திரம் பாத்திரமாக வைத்து, பிள்ளைகளைக் கட்டிலோடு நகர்த்தி, விடிய விடிய ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்த மழையெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது ஐயா. நான் நன்றாக எழுதுவேன், ஆனால் அவள் என்னைவிட நன்றாக எழுதுகிறாள். கடைசித் தேதியைத் தள்ளிவைக்க வேண்டாம், அவள் புத்தகத்தைச் சீக்கிரம் அச்சடியுங்கள். முதல் பிரதி அடுத்த அறுப்பின் பண்டிகைக்குத்தான் என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஜெயதாஸ் எவ்வளவு கேட்டாலும் அதை நான்தான் எடுப்பேன். ரோட்டில் விசில் ஊத வேறு ஆளைப் பார்க்கும்படி போதகருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.