சென்சார் வைத்த பட்டறை

"இருட்டு! எல்லாத்துக்கும் காரணம் இந்த இருட்டுதான்!" என்று இன்ஜினியர் சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டினார். டம்ளர் துள்ளிக் குதித்தது. அவருடைய மனைவி டம்ளரைப் பிடித்து நேராக வைத்துவிட்டு, "சரி" என்றாள்.

இன்ஜினியர் என்றதும் படித்துப் பட்டம் வாங்கியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் விவசாயி. சொந்த நிலம், சொந்த டிராக்டர், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சொந்தப் பட்டறை. எந்த மெஷின் பழுதானாலும் வெளியே அனுப்ப மாட்டார். தானே பிரிப்பார். பிரிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. திரும்பப் பூட்டுவதில்தான் கொஞ்சம் தாமதம். அதனால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் இன்ஜினியர். அவர்கள் கேலியாக வைத்தார்கள், இவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

இப்போது பிரிந்து கிடப்பது விதைக்கும் மெஷின். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டினால் ஒன்பது குழாய் வழியாக ஒன்பது வரிசையில் விதை விழ வேண்டும். எட்டில் விழுந்தது. ஐந்தாவது குழாய் மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்று வாரமாக இன்ஜினியர் அதோடு மல்லுக்கட்டுகிறார். விதைப்புக்கு இன்னும் பத்தே நாள்.

பத்து நாளுக்குள் முடியாவிட்டால் குடிமுழுகிப் போகாது. அடுத்த நிலம் மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. அவரிடம் புத்தம் புது விதைக்கும் மெஷின் இருக்கிறது. "முடியலைன்னா சொல்லுங்க மாப்பிள்ளை, என்னோடதை எடுத்துக்கலாம்" என்று அவரே சொல்லிவிட்டார். சொன்னது நல்ல மனசோடுதான். ஆனால் "முடியலைன்னா" என்ற இடத்தில் லேசாக ஒரு சிரிப்பு சிரித்தாரே, அதுதான் இன்ஜினியருக்குத் தொண்டையில் மாட்டிய முள்.

"உங்க அண்ணன் மெஷின் என் நிலத்துல இறங்குச்சுன்னா, நான் இன்ஜினியரே இல்லை!"

"இப்ப மட்டும்..." என்று ஆரம்பித்த மனைவி, மீதியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். "அப்ப லைட் போட்டா மெஷின் ஓடிடுமா?"

"ஓடறதா? பறக்கும்! கை எது, போல்ட் எதுன்னே தெரியலை. இந்த இருட்டுல எவன் வேலை பார்ப்பான்?"

"எல்.ஈ.டி. லைட் போட்டா?"

"நாலே நாள்ல முடிச்சுக் காட்டறேன்."

"அப்படின்னா போட்டுடலாம்."

இன்ஜினியர் வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்தார். இருபது வருஷமாக இருட்டைச் சாக்கு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவர் அவர். ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்து வந்த மனுஷனுக்கு இப்படிக் கேட்டதும் கிடைத்துவிட்டால் எப்படி இருக்கும்? சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் எங்கேயோ உறுத்தியது.

உறுத்தலுக்குக் காரணம் உண்டு. பட்டறையின் கடைசி மூலையில், டிராக்டர் டயர்களுக்குப் பின்னால், பழைய ஜீப் சீட் ஒன்று கிடக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும், "பட்டறையில ஒரு சின்ன வேலை" என்று எழுந்து போவார். அந்தச் சின்ன வேலை ஒன்றரை மணிக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடியும். குறட்டைச் சத்தத்தைத் தகரக் கூரை பார்த்துக்கொள்ளும். இது உலகத்தில் யாருக்குமே தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

யோசித்துப் பார்த்தார். லைட் வந்தால் என்ன கெட்டுவிடும்? முகத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் போயிற்று. சமையலறையிலிருந்து பார்த்தால் பட்டறைக் கதவுக்கு மேலே இருக்கும் கண்ணாடி தெரியும். அதில் வெளிச்சம் தெரிந்தால் உள்ளே ஆள் வேலை பார்க்கிறான் என்று அர்த்தம். அவன் கண்ணை மூடியிருக்கிறானா திறந்திருக்கிறானா என்று லைட்டா வந்து சொல்லப்போகிறது?

மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். அவருக்கு ஷாக் என்று பெயர். மின்சாரத்தால் வந்த பெயரில்லை. சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். அந்த அதிர்ச்சியில் ஜனங்கள் வைத்த பெயர்.

பட்டறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார் ஷாக். நான்கு பழைய டியூப் லைட். இரண்டு செத்துவிட்டன. ஒன்று சாவதா வேண்டாமா என்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. நான்காவது ரீங்காரம் மட்டும் போட்டது, எரியவில்லை. நடுவில் எண்ணெய்ப் புகை படிந்த ஒரு குண்டு பல்பு. அதற்குக் கீழே நின்றால் தன் தலை நிழல் தன் கைமேலேயே விழும்.

"எட்டு எல்.ஈ.டி. போட்டுடலாங்க. நாலடி நீளம், தூசி உள்ள போகாத மாதிரி மூடி இருக்கும். வேலை பாக்கற மேசைக்கு நேர் மேல ரெண்டு. ஒண்ணொண்ணும் நாப்பது வாட்."

"வாட்டறதைப் பத்தி என்கிட்ட கேளுங்க" என்றார் இன்ஜினியர், மனைவி நின்ற பக்கம் கண்ணைக் காட்டி. ஷாக் சிரித்தார். டீ டம்ளரோடு நின்ற அம்மாள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அண்ணே, அந்த சென்சார் பத்தி போன்ல சொன்னீங்களே, அதையும் வெச்சுடுங்க" என்றாள் அவள்.

"சென்சாரா? பட்டறையில நான் என்ன படமா ஓட்டறேன்?"

"அது வேறங்க" என்றார் ஷாக். "இது ஆள் நடமாட்டம் பாக்கற சென்சார். உள்ள ஆள் வந்தா லைட் தானா எரியும். பத்து நிமிஷம் அசைவு இல்லைன்னா தானா கட் ஆயிடும்."

"ஓ! நான் வெளிய போயிட்டா அணைஞ்சிடும். நல்ல ஐடியாதான்."

"வெளிய போனாலுந்தான். உள்ளயே இருந்து அசையலைன்னா..."

"டீ ஆறுது அண்ணே" என்று டம்ளரை நீட்டினாள் அவள். ஷாக் டீயோடு வார்த்தையையும் சேர்த்துக் குடித்துவிட்டார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. முதல் தடவை லைட் எரிந்தபோது இன்ஜினியருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. கண்சிமிட்டல் இல்லை, ரீங்காரம் இல்லை, பளீரென்று பகல் வந்து பட்டறைக்குள் இறங்கியது. காணாமல் போன மூன்று ஸ்பேனர், ஒரு சுத்தியல், மனைவியின் தையல் கத்தரிக்கோல் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. கத்தரிக்கோலை மட்டும் அவசர அவசரமாக மறுபடி மறைத்தார்.

அன்று முழுக்கப் பட்டறையில் ஒரே கூட்டம். பால்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், உரக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டே வந்தார். இன்ஜினியர் ஒவ்வொருவரையும் மேசைப் பக்கம் இழுத்து நிறுத்தினார்.

"என் கையைப் பாருங்க. நிழல் விழுதா?"

"விழலைங்க."

"இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கமும் விழலைங்க."

"அதான் இன்ஜினியரிங்!"

மறுநாள் ஒன்றரை மணிக்குச் சின்ன வேலை ஆரம்பித்தது. ஜீப் சீட், முகத்தில் துண்டு. சுகமான தூக்கம். மூன்றரைக்குக் கண் விழித்தால் கும்மிருட்டு. எழுந்ததும் பளிச்சென்று எரிந்தது. மரியாதை தெரிந்த லைட் என்று மெச்சிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னங்க, கரண்ட் போச்சா?" என்றாள் மனைவி.

"இல்லையே, ஏன்?"

"ஒண்ணேமுக்காலுக்குப் பட்டறை லைட் அணைஞ்சுது. மூணரைக்குத்தான் எரிஞ்சுது. அவ்வளவு நேரம் அசையாம அப்படி என்ன வேலை?"

இன்ஜினியருக்கு அப்போதுதான் சென்சார் என்றால் என்னவென்று முழுசாகப் புரிந்தது.

"யோ... யோசிச்சுட்டு இருந்தேன்."

"கண்ணைத் திறந்துட்டா, மூடிட்டா?"

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்கு என்ன பைத்தியமா? நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் படுத்தபடியே ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை காலைத் தூக்கி ஆட்டினார். தூக்கமும் வரவில்லை, காலும் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவருக்கு வழியிலேயே ஐடியா உதித்துவிட்டது. ஆள்தானே அசைய வேண்டும்? இன்ன ஆள் என்று சென்சாருக்குத் தெரியுமா?

மறுநாள் தன் பழைய சட்டை ஒன்றை ஹேங்கரில் மாட்டிக் கம்பியில் தொங்கவிட்டார். எதிரே டேபிள் ஃபேனைத் தலையாட்ட விட்டார். சட்டை வலப்பக்கம் ஆடியது, இடப்பக்கம் ஆடியது, கை இரண்டையும் வீசி மும்முரமாக வேலை பார்த்தது. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, லைட் அணையவில்லை. இன்ஜினியர் சட்டைக்கு ஒரு சல்யூட் அடித்தார். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார்.

மூன்று நாள் இப்படி ஜோராகப் போயிற்று. மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னிக்குக் கடுமையா உழைச்சீங்க போலிருக்கே" என்று இன்னொரு கரண்டி சோறு கூடப் போட்டாள். மெஷினைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. காலையில் பிரிப்பார், பிரிக்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுவார், எப்படியோ தினமும் கொஞ்சம் கிடைக்கும், மதியம் தூங்கிவிடுவார். விதைப்புக்கு இன்னும் இரண்டே நாள். மச்சானின் சிரிப்பு காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் தூக்கத்தில் ஒரு கனவு. தகரத்தின் மேல் சடசடவென்று நல்ல மழை. "மழை வருது, மெஷினை உள்ள இழுங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். துண்டு கீழே விழுந்தது.

மழை இல்லை. மேசைப் பக்கம் அவர் மனைவி முழங்கை வரைக்கும் கிரீஸோடு உட்கார்ந்திருந்தாள். விதைக்கும் மெஷின் முழுசாகப் பூட்டி நின்றது. அவள் சக்கரத்தைக் கையால் சுற்ற, கீழே விரித்த தகரத்தில் சடசடவென்று விதை விழுந்துகொண்டிருந்தது. இன்ஜினியர் குவியலை எண்ணினார். ஒன்பது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினார். ஒன்பதேதான்.

"நீ எப்ப வந்தே?"

"மூணு நாளா வர்றேன்."

"மூணு நாளாவா! நான் தூங்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? லைட் எரிஞ்சுட்டேதானே இருந்துச்சு?"

"அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். முதல் நாளே அரை மணி நேரம் விடாம எரிஞ்சுது, ஒரு சத்தம் இல்லை. நீங்க நிஜமா வேலை பார்த்தா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிய வந்து, ஸ்பேனரைப் பாத்தியா, சுத்தியலை எங்க வெச்சேன்னு கத்துவீங்களே!"

இன்ஜினியர் ஆடிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தார். அது பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தது.

"மெஷின்ல... என்ன கோளாறு?"

"அஞ்சாவது குழாய்க்கு மேல இருக்கிற சின்னச் சக்கரத்துல பின் உடைஞ்சிருந்துச்சு. நகம் அளவு பின். அதனால சக்கரம் சுத்தலை, விதை விழலை. இந்த லைட்ல பார்த்ததும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலைதாங்க."

"அப்புறம் எதுக்கு மூணு நாள்?"

"நீங்க பிரிச்சுப் போட்டதையெல்லாம் பூட்ட வேண்டாமா?"

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிரீஸ் கையால் நெற்றி முடியை ஒதுக்கி நெற்றியெல்லாம் கறையாக்கிக்கொண்டு நின்ற அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. இருபது வருஷமாக இவள் கையில் இப்படி ஒரு வித்தை இருந்திருக்கிறது, நான் ஒருத்தன் பார்க்காமலே இருந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டார். "கெட்டிக்காரிடி நீ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அவள் முகம் சிவந்தது கிரீஸையும் மீறித் தெரிந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"அண்ணன் வர்றாரு" என்றாள் அவள். சட்டென்று தன் கையையும் முகத்தையும் துடைத்து, அந்தக் கிரீஸ் துணியை அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க, சீக்கிரம் கையில பூசிக்கோங்க."

மச்சான் உள்ளே வந்தார். மேலே எட்டு லைட்டையும் பார்த்தார், கீழே ஒன்பது குவியலையும் பார்த்தார். வாய் பிளந்தது.

"மாப்பிள்ளை! நீங்களா முடிச்சீங்க?"

இன்ஜினியர் மனைவியைப் பார்த்தார்.

"வேற யாருண்ணா?" என்றாள் அவள். "மூணு நாளா மதியமானா பட்டறையை விட்டு வெளியவே வரலை. ஆடாம அசையாம ஒரே நிலையா இருந்தாரு."

பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியுமா? முடியாது. இன்ஜினியருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மச்சான் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை என்பதைப் பார்த்ததும் இன்னும் இரண்டு அங்குலம் உயர்ந்தார்.

"இது என்ன பிரமாதம் மச்சான்! மெஷின் எல்லாம் நம்ம பேச்சைக் கேக்கும். ஒரே ஒரு பின், போட்டேன், முடிஞ்சுது. என்ன மெஷினா இருந்தாலும் சரி, கொண்டாங்க, ஒரே நாள்ல ஓட வெச்சுடறேன்!"

"இந்த ஒரு வார்த்தை போதும் மாப்பிள்ளை! எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் வந்தேன்!" மச்சான் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். கண்கூடக் கலங்கிவிட்டது அவருக்கு. மறுகணம் வெளியே ஓடினார். மோட்டார் சைக்கிள் பறந்தது.

"எங்க போறாரு இவ்வளவு அவசரமா?" என்றார் இன்ஜினியர், இன்னும் நெஞ்சை நிமிர்த்தியபடி.

"அவர் மெஷினை இழுத்துட்டு வரத்தான். நாலு நாளா போன்ல என்கிட்ட ஒரே புலம்பல்" என்றபடி மனைவி வீட்டைப் பார்த்து நடந்தாள். வாசலில் ஒரு நொடி நின்று திரும்பினாள். "நம்மளுதுல ஒண்ணுதாங்க விழலை. அவரோடதுல ஒன்பதும் விழலையாம்."