வாபஸ் சாரும் வெள்ளானூர் பூங்காவும்

வாபஸ் சார் கைக்குப் போன எந்த மனைப்பிரிவு வரைபடமும் ஆவடி வட்டாரத்தில் முதல் தடவையே தப்பித்ததில்லை. உலகத்தைப் படைத்தவனே தன் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாலும், "கடலோரமா எவ்வளவு இடம் விட்டிருக்கீங்கன்னு காட்டலையே" என்று திருப்பி அனுப்பியிருப்பார். அவனும் படியிறங்கி எதிரே இருந்த என் கடைக்குத்தான் வந்திருப்பான். நிலத்தைத் துண்டு போட்டு விற்பவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அன்றைக்கு என் பிழைப்பு. அந்த வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதிக்குச் சிபாரிசு செய்வது, எதிரே உள்ள நகராட்சி அலுவலகத்தில் அவர் வேலை. சிபாரிசு என்பதை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பது எங்கள் தெருவின் ஒருமித்த கருத்து.

லஞ்சம் வாங்குகிற மனிதராக இருந்தால் சமாளித்திருக்கலாம். இவர் டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஆள் ஒட்டடைக்கோல் மாதிரி இருப்பார். மனையைப் பார்க்க வந்தால் பொட்டல் வெளியிலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கட்டடமே இல்லாத இடத்தில் தலையில் என்ன சார் விழப்போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "விதி" என்றார். நகைச்சுவையாகச் சொன்னாரா, சட்டத்தைச் சொன்னாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் பக்கத்து மனை வியாபாரிகளில் பெரிய புள்ளி தணிகாசலம். வயலை வாங்குவார், செம்மண் கொட்டுவார், நான்கு பக்கமும் கொடி நடுவார், தன் மனைவி பெயரில் ஒரு நகர், மகள் பெயரில் ஒரு நகர் என்று திறந்துவிடுவார். குடும்பத்தில் பெயர்கள் தீர்ந்துபோய், நூம்பலில் ஒரு நகருக்கு வளர்ப்பு நாயின் பெயரை வைத்த மகான். ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, சொந்தமாக ஒரு வாசற்படி வேண்டும் என்று ஏங்கியவர்கள்தான் அவருக்கு வாடிக்கையாளர்கள்.

அந்த நாய் நகரில்தான் வாபஸ் சாரின் வித்தையை முதலில் பார்த்தேன். சாலை முனையில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

"நான் ஃபயர் என்ஜின். நீங்க தண்ணி லாரி. எதிர்ல வாங்க" என்றார் தணிகாசலத்திடம்.

"இன்னா சார், வெளாட்றியா?"

"தீப்பிடிச்சா வெளாட முடியாதுங்க. வாங்க."

வெள்ளை வேட்டியில் அந்த லாரி தொந்தியை முன்னே தள்ளிக்கொண்டு புறப்பட்டது. இந்தப் பக்கம் ஹெல்மெட் போட்ட ஃபயர் என்ஜின் வாயாலேயே சத்தம் எழுப்பிக்கொண்டு திரும்பியது. முனையில் இரண்டும் முட்டிக்கொண்டன. செம்மண்ணில் உட்கார்ந்துவிட்ட லாரியைத் தூக்கி நிறுத்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"முனையை வெட்டி அகலப்படுத்துங்க. வாபஸ்" என்று சொல்லிவிட்டு, ஃபயர் என்ஜின் தன் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டது.

இதெல்லாம் முன்னோட்டம்தான். நிஜமான சண்டை வெள்ளானூரில் வந்தது. தணிகாசலம் அங்கே ஒரே வளைப்பாக வயல்களை வாங்கியிருந்தார். பொதுவுக்குப் பூங்கா விட வேண்டும் என்பது விதி. எதற்கும் உதவாத மூலையைப் பூங்காவாக்குவது வழக்கம். நானும் அவர் காட்டிய மூலையில் பச்சை அடித்து, நடுவில் ஒரு நீரூற்றும் வரைந்து கொடுத்தேன்.

வாபஸ் சார் கையில் டிபன் பாக்ஸோடு வந்தார். "பூங்காவுல உக்காந்து சாப்பிடலாம்னு வந்தேன். எங்கே?"

தணிகாசலம் கைகாட்டிய இடத்தில் கோரைப்புல் இடுப்புயரத்துக்கு நின்றது. ஏரியின் உபரித் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் அது. அந்த வாய்க்கால் அங்கிருந்து கிளம்பி, மனைகளாக நான் கோடு போட்டிருந்த நிலத்துக்குள்ளும் நீண்டு போனது. வாபஸ் சார் செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். சேற்றில் இறங்கி ஒரு கல்லின் மேல் குந்தி, தயிர் சாதத்தைத் திறந்தார். ஒரு தவளை அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நாங்கள் இருவரும் கரையில் கைகட்டி நின்றோம்.

"சார், அது வாய்க்கா இல்ல சார், சும்மா பள்ளம். மண்ணு கொட்டி ரொப்பிட்டா ஜோரா ஆயிடும்" என்றார் தணிகாசலம்.

"தண்ணி எங்கே போகும்?"

"அது, அது வழிய அது பாத்துக்கும் சார்."

"அது வழியைத்தான் நீங்க ரொப்பறீங்க" என்று சொல்லி, ஊறுகாயை நக்கிக்கொண்டார்.

வரைபடம் திரும்பி வந்தது. இந்த முறை தணிகாசலம் என் கடைக்கு வரவில்லை, மேலிடத்துக்குப் போனார். மேலதிகாரி வாபஸ் சாரைக் கூப்பிட்டு, சிபாரிசு எழுதச் சொல்லி விரட்டினார். அறைக்கு வெளியே நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது.

"உங்களை வேற செக்‌ஷனுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்."

"அடிங்க சார். வாய்க்கால் இருக்குன்னு நான் எழுதினது ஃபைல்ல இருக்கும். அதுக்குக் கீழே நீங்களே கையெழுத்துப் போட்டுக்குங்க."

தூக்கி அடித்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவுக்கு அனுப்பினார்கள். இனி இந்த வட்டாரத்தில் ஒருவனும் முதல் தடவையில் சாக முடியாது என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டோம்.

ஆனால் அந்தக் குறிப்புக்குக் கீழே கையெழுத்துப் போடத்தான் ஆள் கிடைக்கவில்லை. மேலதிகாரிக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. அவர் இடத்துக்கு வந்தவருக்கு முதுகுவலி. அலுவலகமே ஆஸ்பத்திரி ஆகிவிடும் போலிருந்தது. கடைசியில் முன்பணம் கட்டியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சண்டை பிடிக்க, தணிகாசலம் இறங்கி வந்தார். வாய்க்காலை அப்படியே விட்டுவிட்டு, மேட்டு நிலத்தில் நல்ல மனைகளை அழித்துப் பூங்காவாக்கி நான் புதிதாக வரைந்து கொடுத்தேன். "அந்தாளு என் ஈரக்கொலைய அறுத்துட்டான்பா" என்று அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த பெருமழையில் பக்கத்து நகர்களில் எல்லாம் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். வெள்ளானூர் மனைகளில் தண்ணீர் வாய்க்கால் வழியே தன் பாட்டுக்குப் போனது. மறு வாரமே தணிகாசலம் மெயின் ரோட்டில் ஒரு பேனர் கட்டினார்: "இயற்கை நீரோடை வசதியுடன் கூடிய, வெள்ளம் எட்டாத மனைகள்." பேனரில் அவர் கும்பிட்டுக்கொண்டு சிரித்தார். வாபஸ் சாருக்கு அதில் ஓர் ஓரத்தில்கூட இடம் இல்லை. அதை நான் அவரிடம் சொன்னபோது, "பேனர் நடைபாதையை மறைக்குது. எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

பிறப்பு இறப்புப் பதிவிலிருந்தே வாபஸ் சார் ஓய்வு பெற்றார். அன்று எங்கள் தெருவில் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடினார்கள். இப்போது வரைபடங்கள் கம்ப்யூட்டரில் போகின்றன, வேறு யாரோ பார்க்கிறார்கள். நானும் கடையை மூடிவிட்டு, இப்படி எழுதிப் பிழைக்கிறேன்.

வாபஸ் சார் முகப்பேரில் ஒரு வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். முதல் தடவை போனபோது பால்கனியில் நின்று என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. போய் நேரா நிறுத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இறங்கிப் போய் நேராக நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அந்த மூஞ்சியில் அப்படி ஒரு திருப்தி.

இப்போதெல்லாம் நானே கொஞ்சம் கோணலாகத்தான் நிறுத்திவிட்டு மாடியேறுகிறேன்.