சங்கவியைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன்

டெலானிபூர், போர்ட் பிளேர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உமாவுக்கு, கணபதி எழுதுவது. நான் சௌக்கியம், இடது கைக் கட்டைவிரலைத் தவிர. நீயும் கடையும் கோழிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நம் ஊர் கேம்ப்பெல் பேயில் டவர் வேலை செய்யாததால், நாளை அங்கே ஹெலிகாப்டரில் வரும் ஸ்ரீதர் சாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைக் கப்பலில் இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. நம் பெண்ணைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன். "போகாதீங்க, ஒரு மாசத்துல பழகிடுவா" என்று நீ சொன்னாய். ஆனால் கணபதி முடிவு செய்தால் செய்ததுதான்.

"ஹாஸ்டல் பிடிக்கலப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போனில் அழுதாளே, அதை நம்பிக் கப்பலேறி, இரண்டு நாள் வாந்தியெடுத்து இங்கே வந்து நின்றால், மகாராணி ஹாஸ்டல் கேட்டுக்கு வந்து, "அய்யோ அப்பா, அது போன வாரம்!" என்கிறாள். நான் விடுவேனா? மழையில் திரும்புகிற கப்பலும் ரத்தாகிவிட்டதா, அவள் மனசு மாறும் என்று தினமும் விசிட்டர் ரூமில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் வார்டன் ஷரீபாம்மா வந்து, "இங்க சாப்பிடறவங்க பேரு போர்டுல ஏறணும், அண்ணே" என்றார். விருந்தாளிக்கு மரியாதை செய்கிறார்களாக்கும் என்று நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். மறுநாள் பார்த்தால் போர்டில், 'தேங்காய் துருவுவது: சங்கவி அப்பா'! குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத நான், முப்பத்திரண்டு பெண்களுக்குத் தேங்காய் துருவினேன். அதில் கட்டைவிரலும் கொஞ்சம் போயிற்று. ரங்கத் ஊர்ப் பெண் ஷாஹினா பிளாஸ்திரி ஒட்டிவிட்ட கையோடு, "அங்கிள், கல் சே மச்சிலி ஆப்கா" என்று மறுநாளிலிருந்து மீன் கழுவுவதையும் என் தலையில் கட்டிவிட்டாள். ஒருத்தி வரவில்லை என்றாலும் மற்றவர்கள் சோற்றில் கை வைக்கமாட்டார்களாம். காலேஜ் பஸ் தாமதமானால் என் வயிறும் காய வேண்டும். இதெல்லாம் ஒரு இடமா? காபி ஆறினால் மூஞ்சியைத் தூக்குகிற நம் சங்கவி, இங்கே யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு ஓடுகிறாள். நேற்று என்னையே அதட்டுகிறாள்: "அப்பா, செதில் போகல, திரும்பக் கழுவுங்க!"

உன்னிடம் மறைப்பானேன் உமா, அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அவள் அழுதது ஒரே ஒரு நாள். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் அழுதது அவள் கப்பலேறிய நாளிலிருந்து. வெள்ளிக்கிழமை வந்து சேருவோம். அவள் அறையைக் கூட்டி வை. நண்டுக் குழம்பு வை.

பெரியவர்களுக்கு என் வணக்கம். கோழிகளுக்கு வேளாவேளைக்குத் தீனி.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
கணபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் அவளிடம் டிக்கெட்டைக் காட்டினேன். "சரிப்பா" என்று பெட்டியைக் கட்டி வெளியே கொண்டு வந்து வைத்தாள். போர்டில் தன் பெயரை அழிக்கப் போனவள், டஸ்டரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நான்தான் போய் அதை வாங்கி, என் பெயரை அழித்துவிட்டு வந்தேன். அவள் டிக்கெட்டை நாளைக்கு கேன்சல் செய்துவிடுகிறேன். நண்டுக் குழம்புக்கு மசாலா மட்டும் அரைத்து வை, தேங்காயை நான் வந்து துருவிக்கொள்கிறேன்.