பதினான்கு தலைகளும் ஒரு தலைவியும்

பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் பணிவுடன் எழுதுவது. ('பணிவு' என்ற சொல்லைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், கடிதத்துக்குத் தேவைப்பட்டது.) இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு அத்தை நலமாகவும் உங்கள் முழங்கால் வலி நலிவாகவும் இருக்குமென்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த விடுமுறையில் எங்கள் பள்ளியில் பத்து நாள் வனமுகாம். படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். "உன்னை நம்பிக் காட்டுக்கு அனுப்ப முடியாது, எங்கயாவது தொலைஞ்சு போயிடுவ" என்கிறார். மாமா, அப்பா மறுபேச்சு பேசாமல் கேட்பது உங்கள் பேச்சை மட்டும்தான். நாங்கள் மூவரும் போய்வந்த வெளிநாட்டுச் சுற்றுலாவில் யார் யாரைத் தொலைத்தார்கள் என்று படித்துவிட்டு, நீங்களே போன் போட்டு அவரை நாலு வார்த்தை கேளுங்கள்.

ஆறு நாள் பயணம், பதினான்கு பேர், ஒரு பஸ், ஒரு வழிகாட்டி. முதல் நாள் வழிகாட்டியின் தொப்பிக்குள் ரப்பர் பல்லி வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன். அப்பாதான் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவருக்கு பஸ்ஸில் சும்மா உட்கார வரவில்லை. "நீங்க முன்னாடி உக்காருங்க சார், ஆள் எண்ற வேலைய நான் பாத்துக்கறேன்" என்று சைகையிலேயே வழிகாட்டியை ஓரங்கட்டிவிட்டு வாசல்படியில் நின்றுகொண்டார். மூன்றாம் நாள் அருவிக்குப் போனோம். மாமா, அது அருவி இல்லை, வானத்துக்குக் குழாய் உடைந்துவிட்டது போல. பக்கத்தில் போனால் முழுக்க நனைந்துவிடுவோம் என்று எல்லாருக்கும் தலையை மூடும் நீல மழைக்கோட்டு கொடுத்தார்கள். எங்கள் குழுவுக்கும் நீலம், அடுத்த பஸ்ஸில் வந்த குழுவுக்கும் அதே நீலம். திரும்பி ஏறும்போது அப்பா வழக்கம்போல எண்ணினார், பதினான்கு சரியாக இருந்தது, "போலாம்" என்றார், பஸ் கிளம்பிவிட்டது. நான் கடைசி சீட்டில் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அப்பா ஜன்னலோரம் இருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் செருப்பு நனைந்த கதையை முழு நீளத்துக்குச் சொல்லி, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். அம்மாவும் வாங்கிக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து பெட்ரோல் பங்கில் வண்டி நின்றபோதுதான் அம்மா தலைமூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்தது வேறு யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள்.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "இது உன் வேலைதானே?"

"எண்ணினது நானாப்பா?" என்றேன்.

தலைகளை எண்ணிப் பார்த்தவர் தலைவியை எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கு அவர் சொன்ன சமாதானம்: "நான் பேசினதுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்." வழிகாட்டி அடுத்த பஸ்ஸுக்குப் போன் செய்தார். அங்கேயும் கணக்கு சரியாகத்தான் இருந்ததாம், யாரும் யாரையும் தேடவில்லை. ரெண்டு பஸ்ஸும் போய்ச் சேர்வது ஒரே காட்டு முகாம் என்றதும்தான் அப்பாவுக்கு மூச்சு வந்தது. போகும் வழியில் சிங்கம் பார்க்கலாம் என்றிருந்தார்கள்; எங்கள் வழிகாட்டி வழியெல்லாம் காட்டினார், சிங்கம் மட்டும் வால்கூடக் காட்டவில்லை. சாணத்தைக் காட்டி "இது நேற்றைய யானை" என்றார். முகாமில் போய் இறங்கினால், கூடாரத்து வாசலில் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி அம்மா பழரசம் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த பஸ் காட்டுக் குறுக்குவழியில் வந்ததாம், மூன்று குட்டிகளோடு சிங்கம் குறுக்கே படுத்துக்கொண்டு அரை மணி நேரம் வழி விடவில்லையாம்.

அப்பா ஓடிப்போய், "எங்க போன?" என்றார்.

"நான் எங்க போனேன்? நீங்கதான் போனீங்க."

முகாமே கைதட்டியது. நான் இரண்டு முறை தட்டினேன். ஆகவே மாமா, இந்தக் குடும்பத்தில் காணாமல் போகக்கூடியவள் நான் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அப்பாவிடம் கண்டிப்புடன் பேசிக் கையெழுத்தை வாங்கித் தாருங்கள். உங்கள் ஆசியையும், முடிந்தால் அத்தையின் சிபாரிசையும் வேண்டும்,

உங்கள் அன்பு மருமகள்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். பாதி படித்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நான் மாறிப் போய் ஏறலடி. பாத்துத்தான் ஏறினேன்" என்றாள். மழைக்கோட்டு மாட்டிய இடத்தில் அந்த அம்மாளின் புருஷன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாராம், இந்தப் பக்கம் அப்பாவும் செருப்புக் கதையைத் தொடங்கியிருந்தாராம். அம்மாவும் அந்த அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பஸ்ஸை மாற்றிக்கொண்டார்கள். "அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனா புரிஞ்சுது. ஒரு நாள்டி, ஒரே ஒரு நாள்" என்றாள். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பது நிபந்தனை, படிவத்தில் அம்மா போட்ட கையெழுத்து அதற்கு விலை. மை காய ஊதிக்கொண்டிருக்கிறேன். அதனால் அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டாம் மாமா. ஊர் திரும்பியதிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் அம்மா முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிறார். "என்ன பாக்கறீங்க?" என்றால் "சரிபாக்கறேன்" என்கிறார். அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது.