கனடாவுக்கு இரண்டு பாயிண்ட் குறைவு

வளைகுடாவில் நாங்கள் எல்லோரும் லீவுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, உலகத்தில் உள்ள சகல ஜீவராசிகளுக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒருவர்தான். மஸ்கட்டை அடுத்த ரூவியில் எங்கள் கம்பெனியின் ஏசி மெக்கானிக். நாகர்கோவில் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை. எல்லோருக்கும் அவர் பாயிண்ட் அண்ணாச்சி.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரூவியில் அப்போது கட்டடங்களைவிட, கட்டடத்துக்காகத் தோண்டிய பள்ளங்கள் அதிகம். மாயவரத்திலிருந்து டைப்பிஸ்டாகப் போய் இறங்கிய எனக்குக் கம்பெனி கொடுத்த ரூமில் மூன்று கட்டில்கள். ஒன்று எனக்கு, ஒன்று மெஸ் சமையல்காரருக்கு, மூன்றாவது அண்ணாச்சிக்கு. நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவர் கேட்டார்.

"வயசு என்ன வே?"

"இருபத்து நாலு."

"பத்து. படிப்பு?"

"பி.காம்."

"பதினஞ்சு போடலாம். பிரெஞ்சு வருமா?"

"வராது."

"சைபர். ஆளு எப்படின்னு ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்லுதேன்."

சொன்னபடியே ஒரு மாதம் கழித்துச் சொன்னார். பதினைந்துக்கு மூன்று. நான் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுகிறேனாம்.

இந்த வியாதி அவருக்கு எப்படித் தொற்றியது என்றால், ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் வீட்டில் ஃப்ரிட்ஜைக் கழற்றப் போனவர், குப்பைக் கூடையில் ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். கனடாவில் குடியேற விரும்பும் தொழில் தெரிந்தவர்களுக்காக அச்சிட்டது. படிப்பு, வயது, தொழில், மொழி, ஆளை நேரில் பார்த்து அதிகாரி போடும் மார்க் என்று மொத்தம் நூறு பாயிண்ட். ஐம்பது எடுத்தால் பாஸ். அந்தப் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, தலையணைக்கு அடியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"சிபாரிசு கேக்கமாட்டான் வே. கஃபீலு வேண்டாம்" என்பார். கஃபீல் என்றால் நம்மை வரவழைத்து, நம் விசாவைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் முதலாளி. "இங்க வேலை முடிஞ்சா கலாஸ், பெட்டியைக் கட்டுன்னுருவான். அங்க ஒரு காயிதம் குடுக்கான். அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? இருந்துக்கோன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான். அதை வாங்கத்தான் இந்தப் பாடு."

அதற்குப் பிறகு அவர் பார்வையில் பட்ட எதுவும் தப்பவில்லை. "சாம்பாருக்கு முப்பத்தெட்டு. குடியேற முடியாது" என்று தட்டை நகர்த்துவார். மேனேஜருக்குப் பத்தொன்பது. ரோட்டோரம் நின்ற ஓர் ஒட்டகத்தைப் பார்த்து வேனை நிறுத்தச் சொல்லி, அதற்கு அறுபத்திரண்டு போட்டார். "தொழில் தெரியும், தண்ணி கேக்காது, எதுத்துப் பேசாது. அப்படியே விசா குடுத்துரலாம்."

எல்லோருக்கும் தாராளமாகவோ கஞ்சத்தனமாகவோ போட்டவருக்குத் தன் கணக்கு மட்டும் இடித்தது. எப்படிக் கூட்டினாலும் நாற்பத்தெட்டு. இரண்டு குறைந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பாயிண்ட் கழியும் என்பது விதி; சர்ட்டிபிகேட்படி அவருக்கு முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. நிஜத்தில் ஒரு வயது குறைவு. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க, கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். இவர் நாலு வயதிலேயே தொட்டுவிட்டார். வாத்தியாரும் ஐந்து என்று எழுதிவிட்டார்.

"எனக்குக் கை நீளம் வே. அதுனாலதான் இந்த நஷ்டம்" என்று பஸ்ஸில், கடையில், மாதா கோயில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது எல்லாம் சொல்வார். சொன்னதும் அக்கம்பக்கத்துத் தமிழர்கள் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

எங்களுக்கெல்லாம் அவரைச் சீண்ட ஒரே கேள்விதான் இருந்தது. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊரில் ஏசி மெக்கானிக்குக்கு என்ன வேலை? அவர் கோபப்படமாட்டார். கேட்டவருக்கு இரண்டு பாயிண்ட்டைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நாள் நானும் அப்படிக் கேட்டேன். "கனடா எப்படியிருக்கும்னு காட்டுதேன், வாரும்" என்று கூட்டிப்போனார். கம்பெனியின் பராமரிப்பில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கு. உறைந்த கோழிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அண்ணாச்சி சட்டையைக் கழற்றிப் பனியனோடு ஒரு கோழிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். வாரம் ஒரு நாள் அப்படிப் பயிற்சி எடுக்கிறாராம். நாலாவது நிமிஷம் என் பல் தந்தி அடித்தது. வெளியே ஓடிவந்து ரூவி வெயிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த வெயிலை ஒருவன் விரும்பி அனுபவித்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அரை மணி கழித்து அவர் மீசையில் வெள்ளை பூத்து வந்தார். "மூணாம் பக்கம் வரைக்கும் படிச்சேன். ஒண்ணும் செய்யலை."

இவ்வளவு ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு மத்தியானம் ஆபீஸ் ஏசியின் ஃபில்டரைத் தட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். கம்பெனியில் குடும்பத்தைக் கூட்டிவரும் வசதி ஆபீசர்களுக்கு மட்டும்தான். மகளுக்கு ஏழு வயது. அந்த ஏழு வருஷத்தில் அவளோடு அவர் இருந்தது எல்லா லீவையும் சேர்த்தால் ஐந்தாறு மாதம். போன லீவில் பதினைந்தாம் நாள், அவர் காதில் விழும்படியே அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், "இந்த மாமா எப்பம்மா போவாரு?"

ஃபில்டரை மாட்டி மூடியைத் திருகினார். "அதுக்கு எத்தனை பாயிண்ட்டுன்னு புஸ்தகத்துல போடலை" என்றார்.

குறைந்த இரண்டு பாயிண்ட்டுக்கு வழி எங்கள் ரூமிலேயே இருந்தது. மெஸ் சமையல்காரர் காரைக்கால்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த ஊர் வழக்கப்படி அவரைச் 'சொல்தா' என்றுதான் கூப்பிடுவோம். கனடாவில் பிரெஞ்சும் ஆட்சிமொழி. தெரிந்தால் ஐந்து பாயிண்ட் வரை கிடைக்கும். அண்ணாச்சி அவரிடம் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாகச் சிஷ்யராகச் சேர்ந்தார்.

சொல்தாவின் பிரெஞ்சு முழுக்கப் பரேடு மைதானத்தில் கற்றது. காலையில் டியூட்டி பஸ் வருவதற்குமுன் கேம்ப் வாசலில் பாடம் நடக்கும். சொல்தா கையில் தோசைக் கரண்டியோடு கத்துவார். 'கார்தவூ' என்றால் அட்டென்ஷன். 'தெமி தூர்' என்றால் பின்னால் திரும்பு. அண்ணாச்சி டூல் பாக்ஸைத் தோளில் துப்பாக்கிபோல் வைத்துக்கொண்டு திரும்புவார், நடப்பார், நிற்பார்.

"ஏம்ப்பா, இத வச்சுக்கிட்டு அங்க எப்படிப் பேசுவ?" என்று சொல்தாவுக்கே ஒரு நாள் சந்தேகம் வந்துவிட்டது. "இதுல போர் தொடுக்கலாம். ரொட்டி வாங்க முடியாதே."

அதன்பிறகு குளிர், சூடு, தண்ணீர், நன்றி என்று சில வார்த்தைகள் சேர்ந்தன. கேட்டைக் காத்த பட்டாணிய வாட்ச்மேன் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டார், "பாய், கனடா மே ஜங் ஹை கியா?" அங்கே யுத்தம் ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

விண்ணப்பத்தை நான்தான் டைப் அடித்தேன். 'உங்கள் தகுதியைப் பற்றி' என்ற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல மூன்று முறை அடித்து மூன்று முறை கிழித்தோம். அனுப்பிப் பல மாதம் ஆகி, அவரே நம்பிக்கை இழந்து ஒட்டகத்துக்கெல்லாம் மார்க் குறைக்க ஆரம்பித்த சமயத்தில் கடிதம் வந்தது. சுற்றுப்பயணமாக வரும் அதிகாரி மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் அவரை நேரில் பார்ப்பார். பாஸ்போர்ட்டோடு வரவும். தேதியைப் பார்த்து அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சர்ட்டிபிகேட்படி முப்பத்தெட்டு முடிவதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இதைத் தவறவிட்டால் இன்னொரு பாயிண்ட் போய்விடும்.

பாஸ்போர்ட் மேனேஜரின் இரும்பு அலமாரியில் இருந்தது. அங்கே எல்லோருடையதும் அப்படித்தான். மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்தார். "மாஃபி." இல்லை. வெயில் காலத்தில் மெக்கானிக்கை விட்டுவிட்டு அவர் என்ன செய்வார்?

அண்ணாச்சி நேராகக் கஃபீலிடம் போனார். வயதான ஓமானியர், மாதத்துக்கு இரண்டு தடவை ஆபீசுக்கு வந்து காவா என்கிற அரபிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறவர். நான் ஃபைலோடு அங்கே நின்றிருந்தேன். அண்ணாச்சிக்குத் தெரிந்த அரபி இருபது வார்த்தை. அதில் ஆறை எடுத்து வைத்தார். "பின்த் மால் அனா, பாபா மாஃபி மாலூம்." என் மகளுக்கு அப்பாவைத் தெரியாது.

கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார். பாஸ்போர்ட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவருக்கும் அடக்க முடியவில்லை; கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். மேனேஜர் மொழிபெயர்த்தார்: "அங்கே பனியாமே, ஏசி எதுக்குன்னு கேக்கறார்."

கஃபீலுக்கு மட்டும் அண்ணாச்சி பாயிண்ட் குறைக்கவில்லை.

நேர்காணலுக்கு நானும் போனேன். இங்கிலீஷ் முட்டினால் உதவிக்கு இருக்கட்டும் என்று அதிகாரி என்னையும் ஓரமாக உட்காரச் சொன்னார். உயரமான, நரைத்த மனிதர். மஸ்கட் வெயிலில் கழுத்து நண்டு மாதிரி சிவந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அண்ணாச்சி குதிகாலை அடித்து விறைப்பாக நின்று, "போன்ழூர், மொன் காப்பித்தேன்" என்றார். வணக்கம், என் கேப்டனே. அதிகாரியின் பேனா கீழே விழுந்தது.

பள்ளி, தொழில், அனுபவம் எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு, நான் பயந்த கேள்வி வந்தது. "எங்கள் ஊர் ரொம்பக் குளிர். ஏர்கண்டிஷன் மெக்கானிக்கான நீங்கள் அங்கே என்ன செய்வீர்கள்?"

அண்ணாச்சி எழுந்தார். ஜன்னலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "சார், ப்ளீஸ் கம்" என்று அதிகாரியை மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போய், அவர் கையை முதலில் மெஷினின் முன்னால் காட்டினார். "ஃப்ருவா" என்றார். குளிர். பக்கத்து ஜன்னலைத் திறந்து அதே கையை வெளியே நீட்டி, மெஷினின் முதுகுப் பக்கம் பிடித்தார். அனல். "ஷோ" என்றார். சூடு. பிறகு இரண்டு அடி பின்வாங்கி, மெஷினைப் பார்த்து ஓட்டலே அதிரும் குரலில் ஆணையிட்டார்:

"தெமி தூர்."

பின்னால் திரும்பு. தானும் திரும்பிக் காட்டினார். "மஸ்கட்ல இந்தப் பக்கம் உள்ள, சார். கனடால அந்தப் பக்கம் உள்ள. ஒரே மெஷின். ஒரே மெக்கானிக்."

அதிகாரி சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார், தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார். பிரெஞ்சு எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். "கம்பெனி குக், சார்" என்று பதில் வந்ததும் மறுபடி ஆரம்பித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சியை உட்காரச் சொல்லிவிட்டுக் காகிதத்தில் கூட்டினார்.

"ஐம்பத்தேழு. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அண்ணாச்சி எழவில்லை. முகம் சுருங்கியது. "இல்ல சார். எனக்கு நாப்பத்தெட்டுதான் வருது. கூட்டல் தப்பு. இன்னொருவாட்டிப் பாருங்க."

அவர் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை. அதிகாரி பொறுமையாகக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பிரெஞ்சுக்கு ஒன்று, அதுவும் இரக்கப்பட்டு. மீதி வித்தியாசம் ஒரே இடத்தில் இருந்தது. ஆளைப் பார்த்துப் போடும் மார்க். அண்ணாச்சி தனக்குத் தானே போட்டுக்கொண்டிருந்தது பதினைந்துக்கு நான்கு. அதிகாரி போட்டிருந்தது பன்னிரண்டு.

வெளியே வந்து டாக்சியில் ஏறிய பிறகும் அவர் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டே இருந்தார். ரூவி ரவுண்டானா வந்தபோதுதான் வாயைத் திறந்தார். "பன்னெண்டு போட்டுட்டான் வே" என்றார். "எனக்கு."

மெடிக்கல் முடிந்து விசா வந்த அன்று மெஸ்ஸில் சொல்தா பாயசம் வைத்தார். வாட்ச்மேன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, உயிரோடு திரும்பி வரச் சொன்னார். ஊருக்குப் போய், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, மூன்று பேரும் ஒரே விமானத்தில் போனார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய அடுக்குமாடி ஒன்றில் வெப்பமூட்டும் மெஷின்களைக் கவனிக்கும் வேலை. மனைவிக்குக் குளிர் பழகிவிட்டது, அவருக்குத்தான் இன்னும் பழகவில்லை. கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

"மகளுக்கு இப்ப என்னைக் கண்டாலே ஆவலை. தினம் சண்டை. நேத்து கதவை அடிச்சுச் சாத்திட்டு, உங்களை எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டா. கூடவே இருந்தாத்தான வே பிடிக்காமப் போவும்? ராத்திரி முழுக்கச் சிரிச்சிக்கிட்டே இருந்தேன்."

எனக்கும் கல்யாணமாகி, மகள் பிறந்து, வளர்ந்து, ஒரு நாள் என் முகத்துக்கு நேரே அவள் கதவைச் சாத்தினாள். என் மனைவி பதறிப்போய் ஓடிவந்தாள். நான் அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்று, அண்ணாச்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.