காசிலிங்கர் அலைக்குப் புறமுதுகு காட்டிய படலம்

வாழ்க காசிலிங்கர்! வங்கக் கடலின் வளைதிரைகளை வகிர்ந்து செல்லும் வல்லவர், வஞ்சிரத்துக்கு எமன், சூரைக்குச் சூறாவளி, சுக்கான் பிடித்த கையைச் சோற்றுக்கு மட்டுமே எடுக்கும் சுத்தவீரர், வைத்திக்குப்பத்து மணலில் எத்தனையோ சித்திரை வெயில்களை வெறுங்காலால் மிதித்து வென்றவர், வலக்கால் பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண் ஒன்றை உடையவர், வாழ்க! அப்புண்ணோடு அவர் பொருத பெரும்போரைப் பாடத் துணிந்தேன். வெண்துணியே, உப்புநீர்ப் புட்டியே, ஒட்டிக்காக்கும் பிளாஸ்டரே, என் நாவில் வந்து அமர்ந்தருளுங்கள். சொற்குற்றம் இருந்தால் அவருடைய மனைவியார் சின்னப்பொண்ணு பொறுத்தருள்க. அவர் பொறுக்காவிட்டால் நாளை எனக்கு மீன் கிடைக்காது.

பகைவன் பிறந்த கதையை முதலில் கேளுங்கள். மாசி மாதத்து ஒரு காலையில், அரிசிமணி அளவேயான கிளிஞ்சல் துண்டொன்று நம் தலைவரின் உள்ளங்காலைத் துளைத்து உள்ளே புகுந்தது. தலைவர் அலறினாரா? இல்லை. முகம் சுளித்தாரா? அதுவும் இல்லை. அதைக் காலுக்குள் வைத்துக்கொண்டே வலையிழுத்தார், மீன் பிரித்தார், டீக்கடைவரை நடந்தார், ஊர்வம்பு முழுதும் பேசித் தீர்த்தார், பின்பு தம் வீட்டுச் சிமெண்டுத் தரையில் செங்குருதித் திருவடிச் சுவடுகளைப் பதித்தபடி வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார். இப்படியொரு நெஞ்சுரம் மண்ணில் கண்டதில்லை என்று நீட்டி முழக்கத்தான் நினைத்திருந்தேன். சர்க்கரை வியாதியால் கால் நரம்பு மரத்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

புண்ணானது நாளொரு அகலமும் பொழுதொரு ஆழமுமாக வளர்ந்தது. செய்தி கேட்டு அக்கம்பக்கத்து அரசர்களெல்லாம் படை அனுப்பினார்கள். ஒருவர் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வந்தார். ஒருவர் பீடித்தூளைப் பரிந்துரைத்தார். எஞ்சின் ஆயிலால் தம் முழங்கைப் புண் ஆறிய வரலாற்றைச் சட்டைக் கையைச் சுருட்டி ஒருவர் மெய்ப்பித்தார். கடல் தண்ணீரில் காலை வைத்தால் போதும் என்று சொல்லாதவர் குப்பத்திலேயே இல்லை. அத்தனை படைகளையும் சின்னப்பொண்ணு அம்மையார் வாசற்படியில் நின்று முறியடித்தார். அப்படி ஆளுக்கொன்று தடவித்தான் எதிர்வீட்டுக் கண்ணையன் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார் என்பதை அவர் மறக்கவில்லை.

நகரத்துக்குள்ளே வெள்ளிதோறும் கால்புண்ணுக்கென்றே கதவு திறக்கும் ஒரு சிகிச்சைக்கூடம் உண்டு. அங்கே கட்டு மாற்றும் மேசைக்கு அதிபதியாக வீற்றிருந்தவர் செவிலி ஜெயசித்ரா. தட்டாஞ்சாவடிக்காரர், கூரிய பார்வைக்காரர், சிரித்துக்கொண்டே செத்த தோலைச் சுரண்டி எடுக்கும் கைக்காரர். கிளிஞ்சல் துண்டை இடுக்கியால் வெளியே இழுத்துப் போட்டு, புண்ணைக் கழுவி, துணி பொதிந்து கட்டி, அவர் விடுத்த ஆணை எட்டுத் திக்கும் எதிரொலித்தது: "காலை நனைக்கக் கூடாது! பாரம் கொடுத்து ஊன்றக் கூடாது! செருப்பு இல்லாம ஒரு அடி வெக்கக் கூடாது!" புண்பட்ட இடத்தில் அழுத்தம் விழாதபடி உள்ளே மெத்தென்று குழி வெட்டிய செருப்பு ஒரு ஜோடியும் அளவெடுத்துக் கொடுக்கப்பட்டது. கண்ணுக்கு அழகான செருப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

அன்றுமுதல் இல்லத்தில் நடந்த வேள்வியை என்னவென்று சொல்வேன்! காலையெல்லாம் மீன் கழுவிச் செதிலெடுத்து விற்றுவிட்டு வரும் அம்மையார், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார், முகர்ந்து பார்ப்பார், மறுபடியும் கழுவுவார். மீன்வாசம் போகாத கையால் கட்டைத் தொட்டால் ஜெயசித்ரா கண்டுபிடித்துவிடுவாராம். பழைய துணியை நனைத்துப் பதமாக உரித்து, உப்புநீர் ஊற்றித் துடைத்து, புதுத்துணி வைத்து, இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் கட்டி முடிப்பார். பிறகு தலைவரின் காலைத் தூக்கித் தலையணைமேல் வைப்பார். அந்தத் தலையணை அதுவரை அம்மையாருடையது.

எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் புண் மட்டும் ஆறவில்லை.

காரணம் கண்டறிந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கட்டைப் பிரித்த ஜெயசித்ராவின் புருவம் வில்லாக வளைந்தது. துணியின் அடியில், புண்ணின் விளிம்பில், நீலநிறத் துகள்கள் மின்னின.

"ஐயா, செருப்பு போடுறீங்களா இல்லையா?"

"போட்டுக்கினுதாம்மா இருக்கேன். வேணும்னா இவளையே கேளு."

"வூட்ல கழட்டறதே இல்ல சிஸ்டர். நான்தான் பாக்கறேனே."

"அப்ப இந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"படகுக்கு பெயிண்ட் அடிக்கறோம்மா."

"படகுகிட்ட போறப்ப செருப்பு?"

தலைவர் திகைத்துவிட்டார். உலகில் இப்படியும் ஒருவர் கேட்பாரா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். "படகுல எப்புடிம்மா செருப்போட ஏர்றது?"

"எவ்ளோ நேரம் படகுல இருப்பீங்க?"

"எங்கம்மா இருக்கேன்... காலைல போவேன். சோத்துக்கு வருவேன். அப்பறம் இருட்டற வரைக்கும்."

அவையோரே, நம் தலைவர் பொய் சொல்லவில்லை. கரையேற்றிப் பழுதுபார்க்கும் அந்தப் படகுக்குத் தவளக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட தம் ஒரே மகள் தாமரைச்செல்வியின் பெயரை வைத்திருக்கிறார். அதன் விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிடுவது அவர் தகப்பனும் தகப்பனுக்குத் தகப்பனும் காத்துவந்த முறை. கோயிலுக்குள் நின்ற நேரத்தைச் செருப்பில்லாமல் நடந்த நேரம் என்று யாராவது சொல்வார்களா? ஆகவே, நாள் முழுக்கப் படகிலும் படகைச் சுற்றியும் வெறுங்காலோடு திரிந்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நெஞ்சாரச் சொன்னார்.

ஜெயசித்ரா சிரிக்கவில்லை. "ஆழம் கூடியிருக்குங்கய்யா. எலும்பத் தொட்டுடுச்சின்னா விரல எடுக்கறதத் தவிர வேற வழி இல்ல." இதை அவர் முழங்கவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். பெருவிரல் போனவன் ஆடும் படகில் கால் பதித்து நிற்க முடியாது, நிற்க முடியாதவன் சுக்கான் பிடிக்க முடியாது. புயலில் அசையாத காசிலிங்கர் ஆட்டோவில் வரும்போது தம் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இனி எழுந்தது ஒரு தர்மசங்கடம். செருப்போடு படகேறினால் கடலம்மா கோபிப்பாள். செருப்பில்லாமல் ஏறினால் கால் போகும். படகுப்பக்கமே போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்பவர்கள் காசிலிங்கரை அறியாதவர்கள். தலைவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அதைப் பொறுக்கமாட்டாத அம்மையார் மறுவெள்ளி சிகிச்சைக்கூடத்தில் இன்னொரு ஜோடிச் செருப்புக்குச் சொல்லி வைத்து வாங்கினார். மண்ணைத் தொடாத அந்தப் புது ஜோடியைத் தாம்பாளத்தில் ஏந்தி, மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, உச்சிவெயிலில் கடற்கரைக்கு நடந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த ஆடவர் கூட்டம் கைவேலையை நிறுத்தியது.

"இன்னாடி இது?" என்றார் தலைவர்.

"செருப்புய்யா. இது படகுலயே கெடக்கும், தரைய மெறிக்காது. எஞ்சினு எந்தக் கோயில்ல பொறந்துச்சு? பொட்டு வச்சு ஏத்தினீங்கல்ல? டீசல் கேன ஏத்தறீங்க. பீடிக்கட்ட ஏத்தறீங்க. இத ஏத்துனா மட்டும் கடலம்மாவுக்குக் கோவம் வந்துடுமா?"

"ஊர்ல சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். படகுக்கு எம்பொண்ணு பேரத்தான வச்ச? அப்பன் கால் நல்லாருக்கணும்னு செருப்பு போட்டா எம்பொண்ணு கோச்சிக்குவாளா?"

படகின் பங்காளியும் தலைவரின் மைத்துனருமான ராஜ்கமல் சிரிக்க வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார். தலைவர் படகின் விளிம்பில் ஏறி அமர்ந்தார். தரைச்செருப்பை வெளியே உதிர்த்தார், படகுச்செருப்பை உள்ளே அணிந்தார். அரியணை ஏறிய மன்னர்கள்கூட அத்தனை கூச்சப்பட்டிருக்க மாட்டார்கள். மறுநாள் குப்பத்துச் சர்க்கரைக்காரர்கள் சிலர் வந்து, அந்தச் செருப்பு எங்கே கிடைக்கும் என்று காதோடு கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதன்பின் பகைவன் பின்வாங்கலானான். சிவந்த சதை பொடித்தது. விளிம்பு நெருங்கியது. ஆனி மாதத்தில் படகு கடலிறங்க நாள் குறித்தபோது புண் கொத்தமல்லி விதையளவுக்குச் சுருங்கியிருந்தது. தலைவர் வேட்டியைத் துவைத்துத் தயாரானார். முந்தைய வெள்ளியன்று ஜெயசித்ராவிடம் காலைப் பெருமையோடு நீட்டினார். அவரோ குனிந்து பார்த்து, நிமிர்ந்து, தீர்ப்பு வழங்கினார்: "இந்த வாட்டி வேணாங்கய்யா. மூடட்டும், அப்புறம் போங்க. இப்ப உப்புத்தண்ணி பட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." நீட்டிய காலைத் தலைவர் மெல்ல இழுத்துக்கொண்டார்.

வந்தது அந்த நன்னாள். மாலை சூட்டி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நீலப்பட்டு உடுத்திய மணமகளைப்போல் நின்ற தாமரைச்செல்வியைத் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். சுக்கானில் ராஜ்கமல். தரைச்செருப்போடு, கட்டுக்குமேல் பாலிதீன் உறையோடு, ஈரமணலுக்கு இப்பால் நின்றார் காசிலிங்கர். படகு நகர்ந்தது. அலைவாயில் மணல் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. "இன்னும் ஒரு தோளு!" என்று கூவினான் ஒருவன். எத்தனை ஆண்டுகளாக அந்தத் தோள் காசிலிங்கருடையது! அவருடைய இடக்கால் முன்னே வந்தது. வலக்கால் செருப்புக்குள் துடித்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார். வீட்டில் ஓயாமல் பேசும் அம்மையார், மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றார். அந்த வாய் மூடியிருந்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

அப்போது புறப்பட்டது ஓர் அலை. ஆழியின் அடிவயிற்றிலிருந்து எழுந்த பேரலை அன்று. குழந்தைகள் தாண்டி விளையாடும் குட்டி அலை. நுரைக்கொடி பிடித்து, சலசலவென்று சிரித்து, மணலை நக்கிக்கொண்டு தலைவரின் திருவடியை நோக்கி வந்தது. புயலுக்கு நெஞ்சு காட்டிய பெருவீரர் என்ன செய்தார்? ஓரடி பின்வைத்தார். அலை தொடர்ந்தது. மேலும் ஓரடி. அலை விடவில்லை. அவ்வளவுதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பி, குண்டுச் செருப்பு தத்தக்க பித்தக்கவென்று அடிக்க, காசிலிங்கர் புறமுதுகிட்டு ஓடினார். குப்பமே கைகொட்டிச் சிரித்தது. சிரித்த வேகத்தில் எங்கிருந்தோ ஒரு வலு வர, படகும் மணலை விட்டு நழுவித் தண்ணீரில் ஏறிவிட்டது.

உலர்ந்த மணலில் நின்று மூச்சு வாங்கியபடி அவர் குனிந்து பார்த்தார். கட்டுத்துணியில் ஒரு துளி ஈரம் இல்லை. நிமிர்ந்து, தாம் இல்லாமல் போகும் படகை, அது புள்ளியாகத் தேய்ந்து மறையும்வரை பார்த்தார். அழுதார். உப்புக்காற்று கண்ணில் பட்டது என்று பாட எனக்கு உரிமை உண்டு. ஆனாலும் அவர் அழுதார். பக்கத்தில் வந்து நின்ற சின்னப்பொண்ணு அவர் கையைப் பற்றவில்லை, தோளைத் தொடவில்லை. "நல்லாத்தான் ஓடுற," என்றார்.

கடலை வென்றவர் பலர்; அதன் கண்ணெதிரே தோற்று ஓடித் தம் காலை மீட்ட காவலரைக் கண்டீரோ! கொட்டுக முரசு! முழங்குக சங்கு! காசிலிங்கர் வீட்டுக்குப் போய், காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, சர்க்கரை போடாத டீ குடித்தார்.