நான் குனிந்து ஜெயித்த பந்தயம்

ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கிறவன் கடைசி அடியில் நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு போவான். பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முகத்தைக் கோணிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு, ஏதோ நாட்டையே பிடித்துவிட்டவன் மாதிரி இருப்பான். எனக்குத் தெரிந்து குனிந்து ஜெயித்தவன் நான் ஒருவன்தான். அதுவும் இங்கே இல்லை, சீமையில், மைதானம் நிறைய வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இது புரியவேண்டுமானால் முதலில் எங்கள் தெருவுக்கு வரவேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததும் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிவிடுவார்கள். சேலையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. இடுப்பு உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விறைப்பாக நிற்கும். எதிர்வீட்டுக்குப் போகவேண்டுமானாலும் அதைக் கடந்துதான் போகவேண்டும். தாண்டக் கூடாது, தொடக் கூடாது, குனிந்துதான் போகவேண்டும். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிவார். மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு குனிவார். சாமி புறப்பாட்டுக்கு மட்டும் பாவைச் சுருட்டி வைப்பார்கள், சாமியைக் குனியச் சொல்ல முடியாது என்பதால். இழையை எவனாவது அறுத்துவிட்டால், அறுத்தவன் யார், அவன் அப்பா யார், அவர் சின்ன வயதில் எத்தனை அறுத்தார் என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் ஐயம்பேட்டை வரை தெரிந்துவிடும்.

சேலை எடுக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஆனாலும் குனிவார்கள். முன்னால் போகிறவர் குனிந்தால் பின்னால் வருகிறவர் ஏன் என்று கேட்காமல் குனிந்துவிடுவார். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

நான் பள்ளிக்கூடம் போக, சந்து சந்தாகப் புகுந்து தெருக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவேண்டும். தெருவுக்கு ஒரு பாவு. தினமும் தாமதம் வேறு. அதனால் ஓடிக்கொண்டே குனிந்து, ஓடிக்கொண்டே நிமிர்கிற வித்தை எனக்குத் தானாக வந்துவிட்டது. படிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

ஆனாலும் படித்தேன். எங்கள் அப்பா தறி வைத்திருந்தார். சாயம் போய்விட்டது என்று ஒரு கல்யாணச் சேலை திரும்பி வந்துவிட்டதில் அவருக்கு ஏற்பட்ட கோபம் என் தலையில் விடிந்தது. மகன் சாயத்தையே கரைத்துக் குடித்துவிட்டு வரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். மதராஸில் ரசாயனம் படித்து, எப்படியோ உதவித்தொகையும் கிடைத்து, அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கம்பளி ஆலை ஊரில் போய் இறங்கினேன். என் பெயர் ஏகாம்பரம். அவர்கள் வாயில் அது நுழையாமல் முதல் அசையோடு நின்று, 'மிஸ்டர் எக்' ஆகிவிட்டது. எக் என்றால் முட்டை. காஞ்சிபுரத்துச் சாமி பெயருக்கு அந்த ஊரில் வந்த கதி இது.

குளிரைத் தாங்கிக்கொண்டேன். சாப்பாட்டைத்தான் தாங்க முடியவில்லை. விடுதியில் வேகவைத்த உருளைக்கிழங்கு போடுவார்கள், பக்கத்தில் வேகவைத்த கோஸ் வைப்பார்கள், போதாது என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைப்பார்கள். உப்புக்கும் காரத்துக்கும் புளிப்புக்கும் அந்த ஊருக்குள் நுழைய அனுமதி இல்லை. ஒரே ஆறுதல், பின்கட்டில் இருந்த சின்னச் சமையலறை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு மாணவர்கள் அங்கே சமைத்துக்கொள்ளலாம். கானா நாட்டிலிருந்து வந்த கோஃபி அதில் ஒரு வேர்க்கடலைக் குழம்பு வைப்பான். அந்தக் குழம்புக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவன் உயிரோடு இருந்தான்.

அந்த அறையை நான் பூட்ட வைத்தேன். வேண்டுமென்று இல்லை, ரசம் வைக்கப் போய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வெளியே பனி. ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு, எண்ணெயைக் காயவைத்து, அம்மா கட்டிக்கொடுத்த காய்ந்த மிளகாயை ஒரு கை அள்ளிப் போட்டேன். கிள்ளிப் போடவேண்டியதை அள்ளிப் போட்டுவிட்டேன், பல நாள் பசி. அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. கேட்கத்தான் முடிந்தது. கீழ்த்தளம் இருமியது, பிறகு மாடி இருமியது, பிறகு படிக்கட்டு முழுக்க இருமிக்கொண்டே இறங்கியது. நான் வெளியே வந்தபோது மொத்த விடுதியும் இரவு உடையோடு பனியில் நின்றுகொண்டிருந்தது. யாரோ தீயணைப்பு வண்டியையும் அழைத்துவிட்டார்கள். தலைக்கவசம் போட்ட ஒருவர் உள்ளே போய் என் ரசத்தைக் கையோடு எடுத்து வந்து புல்தரையில் வைத்தார்.

விடுதிக் காப்பாளர் மிஸ்ஸஸ் பிரிக்ஸ் என்ற அம்மாள். ஒல்லியாக, விறைப்பாக இருப்பார். சமையலறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வெளிநாட்டு மாணவர்கள் யாரும் என்னிடம் பேசவில்லை, கோஃபியைத் தவிர. அவன் பேசினது இங்கிலீஷ்தான். ஆனால் அதிலிருந்த உரிமை எனக்கு எங்கள் தெரு பாஷையில்தான் கேட்டது. கேட்டபடியே எழுதுகிறேன்.

"உன் ஒரு பிடி மொளகாயால எங்க எல்லார் வயித்துலயும் மண்ணுபா. ஞாயித்துக்கெழமைய நெனச்சிக்கினுதான் நான் இந்த ஊர்ல ஓட்டிக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சாவியை எப்படியாவது திரும்ப வாங்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சாயம் படிக்கத்தான் கப்பல் ஏறினேன் என்பதும் மறந்துவிட்டது.

வழி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வசந்த காலத்தில் எங்கள் விடுதிக்கும் பக்கத்து விடுதிக்கும் விளையாட்டுப் போட்டி நடக்கும். பக்கத்து விடுதியின் காப்பாளர் மிஸ்ஸஸ் பிரிக்ஸின் நாத்தனார். (நாத்தனார் எந்த நாட்டிலும் நாத்தனார்தான்.) நான் போவதற்கு முன்பே பல வருஷமாக எல்லாப் பந்தயத்திலும் அந்த விடுதிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. பந்தயத்துக்கு ஒரு கோப்பை. எல்லாம் அந்த அம்மாள் வீட்டுக் கூடத்தில் இருந்தன, மிஸ்ஸஸ் பிரிக்ஸ் அங்கே தேநீருக்குப் போகும்போதெல்லாம் அவற்றின் எதிரில்தான் நாத்தனார் நாற்காலி போடுவாளாம். அந்த வருஷம் மிஸ்ஸஸ் பிரிக்ஸ் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று அறிவித்தார்: ஒரே ஒரு பந்தயமாவது ஜெயித்துக் கொடுங்கள், என்ன கேட்டாலும் தருகிறேன். கோஃபி உடனே எழுந்து அவர் இடுப்பைச் சுட்டிக் காட்டினான். அவர் திடுக்கிட்டார், பிறகு சாவியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

போட்டி நாளில் எங்கள் ஆட்கள் வரிசையாகத் தோற்றார்கள். நீளம் தாண்டித் தோற்றார்கள், உயரம் தாண்டித் தோற்றார்கள், குண்டை எறிந்து எங்கள் ஆள் காலிலேயே போட்டுக்கொண்டான். மிஞ்சியது மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடும் கடைசிப் பந்தயம். அதில் ஓடவேண்டியவன் கோஃபி, உண்மையிலேயே ஓடக்கூடியவன். ஆனால் முந்தின பந்தயத்தில் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். தன் முதுகில் ஒட்டியிருந்த எண் துணியைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

"உன்னாலதான் பூட்டுனாங்க," என்றான். "நீயே போயி தொறந்துக்கினு வா."

அப்போது நான் எப்படி இருந்தேன் என்று சொல்லவேண்டும். கொடிக்கம்பிக்குக் கால்சட்டை மாட்டினது மாதிரி இருந்தேன். கால்சட்டையும் கோஃபியுடையது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவன் நாத்தனார் விடுதியின் சூரன், ஆறடி, மஞ்சள் முடி. என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். அந்த அன்பு எனக்குப் பிடிக்கவில்லை.

துப்பாக்கி வெடித்தது. பாதி தூரம் வரை நான் கடைசியில்தான் இருந்தேன். வளைவில் திரும்பும்போது காற்றில் எங்கிருந்தோ வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. பார்க்க வந்தவர்களுக்கு யாரோ ஏதோ பொரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் எது புகுந்ததோ தெரியாது. கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மணி அடித்துவிட்ட மாதிரி ஓடினேன். ஒருவன் பின்னால் போனான், இன்னொருவன் போனான். மஞ்சள் முடியின் மூச்சு காதருகே கேட்டது, அதுவும் பின்னால் போயிற்று. கோஃபி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு கத்துவது தெரிந்தது. எனக்கு முன்னால் யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு முன்னால் யாருமே இல்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் விறைப்பாக, வெள்ளையாக, நூல்.

அதை நெஞ்சால் அறுக்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நொடியில் என் உடம்பு கேட்டிருக்காது. நூலைக் கண்டதும் முதுகு தானாக வளைந்தது. வேகம் குறையாமல் குனிந்து, அடியில் புகுந்து, அந்தப் பக்கம் நிமிர்ந்து இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன். மைதானத்தில் சத்தமே இல்லை. சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தேன்.

மஞ்சள் முடி ஆறடியையும் மடித்துக் குனிந்து வந்துகொண்டிருந்தான். அவன் பின்னால் மூன்றாவது ஆள் குனிந்தான். நான்காவது ஆள் கையை ஊன்றித் தவழாத குறை. என் பின்னால் வந்த மொத்தக் கூட்டமும், சேலை எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் மாதிரி, ஒருவன் பின் ஒருவனாகக் குனிந்து வந்து சேர்ந்தது. பெரியவர்கள் இருவரும் நூலைப் பிடித்தபடியே நின்றார்கள். ஒரு இழைகூட அறுபடவில்லை.

பிறகு வெடித்த சிரிப்பில் நான் அப்படியே கம்பளி ஊரின் மண்ணுக்குள் போய்விட விரும்பினேன். ஜெயிக்க வேண்டிய ஒரே பந்தயத்தையும் கூத்தாக்கிவிட்டேன், சாவி போயிற்று என்றுதான் நினைத்தேன். நாத்தனார் அம்மாள் அதற்குள் நடுவர்களிடம் போய்விட்டாள். நூல் அறுபட்டால்தான் பந்தயம் முடியும், அறுபடவில்லை, ஆகவே பந்தயம் இன்னும் முடியவில்லை என்று வாதாடினாள். (அந்தக் கணக்குப்படி நான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறேன்.) மிஸ்ஸஸ் பிரிக்ஸ் என்னிடம் வந்து, ஏன் குனிந்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. எங்கள் ஊரில் நூலை அறுக்கமாட்டோம் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது, ஏனென்று தெரியவில்லை, தலை நிமிர்ந்துதான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆலை ஊரில் பிறந்தவர், நூலின் அருமை தெரிந்தவர். பிறகு நேராக நடுவர்களிடம் போய், தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டைக் காலால் தட்டிக் காட்டினார். பந்தயம் இந்தக் கோட்டுக்குத்தான், நூல் உங்கள் கண்ணுக்கு ஒத்தாசை, இதை முதலில் கடந்தவன் யார் என்று கேட்டார். நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒலிபெருக்கியில் வந்தது, முதல் பரிசு மிஸ்டர் எக்.

கோஃபி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான், பிசகின காலோடு. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். நாத்தனார் அம்மாள் அந்தப் பந்தயத்துக்கான கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது மிஸ்ஸஸ் பிரிக்ஸின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அந்த அறுபடாத நூலையே வாங்கி, அதில் சமையலறைச் சாவியைக் கோத்து, எல்லோர் எதிரிலும் என் கழுத்தில் மாட்டினார். காதருகே குனிந்து சொன்னார் (இதுவும் எனக்குக் கேட்ட பாஷையில்தான்):

"என்னா வேணா ஆக்கிக்கோபா. மொளகா போடறதுன்னா மட்டும் முன்னாடியே சொல்லு, நான் வெளிய போயிடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோஃபி வேர்க்கடலைக் குழம்பு வைத்தான், நான் ரசம் வைத்தேன், ஜன்னலெல்லாம் திறந்து. மஞ்சள் முடிக்காரனையும் கூப்பிட்டிருந்தோம். ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, பந்தயத்தில் அழாதவன் அங்கே அழுதான். அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும், பட்டத்தை அப்பா கையில் கொடுத்தேன், நூலை அம்மா கையில் கொடுத்தேன். கதையை ஆரம்பத்திலிருந்து நடித்தே காட்டினேன். கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடா இது, தாம்புக்கயிறு மாரி இருக்குது. இந்த நூலுக்கு நம்ம தெருவுல நாய்கூட குனியாது."

"பழக்கம்மா."

"நீ அறுத்தியா?"

"இல்லம்மா."

"அதான் வேணும்," என்று சொல்லிவிட்டு, ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்ட அந்த நூலை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதல் பரிசைப் பற்றி அவள் கடைசிவரை எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்தப் பரீட்சைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போய்விட்டு வந்தாலும், பாஸா பெயிலா என்று கேட்பது கிடையாது. நூல் அறுந்துச்சா என்றுதான் கேள்வி. போன மாதம் ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்பு முடித்த என் மகள் போன் செய்தாள். பேராசிரியர்கள் எப்படியெல்லாம் மடக்கினார்கள் என்று எனக்கு விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். என் மனைவிக்குப் பொறுமை இல்லை. போனைப் பிடுங்கி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நூலு அறுந்துச்சாடி?"

"அறுக்கலமா," என்றாள் அவள். "குனிஞ்சி வந்துட்டேன்."